பொருளறிந்து போடுவதே கணக்கு

உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கு இயற்கணிதமும் புள்ளியியலும் எட்டிக்காயாய்க் கசப்பதற்கு அவர்தம் அறிவுக்குறை கரணியமன்று. பொருளைக் கைவிட்டு வாய்பாட்டை மட்டும் நெட்டுருப் போடச் செய்யும் பயிற்றுமுறையே கரணியம்.

9ஆம் நூற்றாண்டில் பகுதாதில் வாழ்ந்த அல் குவாரிசுமி, இத்துறைக்கு அடிப்படையான நூலை அரபு மொழியில் யாத்தார். இன்று நாம் எழுதும் குறியீடு ஒன்றும் அந்நூலில் இல்லை. கணக்கு முழுதும் சொல்லாலேயே இயன்றது. அவர் தந்த கணக்கொன்றைக் காண்க. ஒரு சதுரத்தின் பரப்போடு அதன் பக்கத்தின் பத்து மடங்கைக் கூட்டினால் 39, பக்கம் யாது? பத்தில் பாதி 5. சதுரத்தின் அடுத்தடுத்த இரு பக்கங்களிலும் 5 அகலமுள்ள பட்டை ஒவ்வொன்றை ஒட்டுக. மூலையில் 5க்கு 5 அளவில் வெற்றிடம் எஞ்சும். அதன் பரப்பு 25. அதனையும் நிரப்பின் 64 பரப்புள்ள பெருஞ்சதுரம் கிடைக்கும். அதன் பக்கம் 8. ஒட்டிய 5ஐக் கழிக்க, விடை 3. இருபடிச் சமன்பாட்டு வாய்பாட்டின் உட்பொருள் இதுவே. இதனை மணலில் வரைந்து பார்த்த மாணவன் வாய்பாட்டை மறந்தாலும் தானே மீட்டுக்கொள்வான்.

புள்ளியியலிலோ, பொருளறியாமை தேர்வோடு நில்லாது, வாழ்விலும் ஏமாற்றும். ஒரு பட்டறையில் நால்வர்க்கு நாட்கூலி முறையே 300, 300, 400, 500 உருபா. மேலாளர்க்கு 3500 எனக் கொள்வோம். மொத்தம் 5000, ஐந்தால் வகுக்க 1000. ‘எம்மிடத்து ஒருவர்க்கு நாளொன்றுக்கு 1000 உருபா’ என்று உரிமையாளர் முழங்கலாம், எண்ணில் பொய்யில்லை. ஆயின், உழைக்கும் நால்வருள் ஒருவரும் அதில் பாதிக்குமேல் பெற்றிலர்!

இங்குத்தான் தமிழ்ச்சொல் கைகொடுக்கின்றது. பாடநூல் சராசரி என்பதை நாம் நிரவல் என்போம். மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டுவதே நிரவல். எனவே மேடு எங்கே என்று கேட்கத் தோன்றும். வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்தால் இடைநிலை அளவு 400. மிகுதியாய் வருவது முகடு, அது 300. பெருமத்திற்கும் சிறுமத்திற்கும் உள்ள இடைவெளி வீச்சு, அது 3200. இம்மூன்றையும் கேட்டறிந்தவனை வெறும் நிரவல் ஏய்க்காது.

தாய்மொழியில் கணக்கு இயலுமோ என ஐயுறுவார் ஆங்கிலத்தின் வரலாற்றையே நோக்குக. இலத்தீனே அறிவுமொழி எனப்பட்ட 16ஆம் நூற்றாண்டில், இராபர்ட்டு இரெக்கார்டு ஆங்கிலத்தில் கணக்கு நூல்கள் எழுதினார். 1551இல் வெளிவந்த நூலில் குறுங்கோணத்தைக் கூர்மூலை என்றும், விரிகோணத்தை மழுங்குமூலை என்றும் பொருள்படும் எளிய ஆங்கிலச் சொற்களால் குறித்தார். 1557இல் சமக்குறியை முதற்கண் அச்சேற்றியவரும் அவரே. பொதுமக்கள் மொழியில் எழுதியதால் கணக்கு தாழ்ந்துவிடவில்லை.

ஆசிரியப் பெருமக்களே! வாய்பாட்டைக் கரும்பலகையில் எழுதுமுன், கணக்கு எதைக் கேட்கின்றது என்பதை மாணவன் தன் சொல்லால் சொல்லட்டும். விடை வந்தபின், அது பொருந்துமா என்று அவனே சரிபார்க்கட்டும். பெற்றோரே! மதிப்பெண் எத்துணை என்று வினவுமுன், இவ்விடை எவ்வாறு வந்தது என்று வினவுக. எண்ணத் தெரிந்தவனை எண்ணால் ஏமாற்ற எவராலும் இயலாது.