வெளிநாட்டில் சிக்னல் இருக்கு, கால் போகலை... ஏன்? ரோமிங் சிக்கல் என்ன?

வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னல், அரட்டை போன்ற செயலிகளுக்கு மத்திய தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பர் 28-ல் ஓர் உத்தரவு போட்டது. எந்த எண்ணில் கணக்கு தொடங்கப்பட்டதோ, அந்த சிம் போனுக்குள் இருந்தால்தான் செயலி இயங்க வேண்டும் என்பது உத்தரவு. இணைய மோசடிகளைத் தடுக்கவே இந்த ஏற்பாடு என்று சொல்லி, 90 நாள் அவகாசமும் தரப்பட்டது. வெளிநாட்டில் இருப்பவர்கள் என்ன செய்வது என்ற கேள்வி உடனே எழுந்தது. ரோமிங்கில் இருந்தாலும் பாதிப்பு இல்லை, சிம் போனில் இருந்தால் போதும் என்று அரசுத் தரப்பில் விளக்கம் வந்தது.

'சிம் போனில் இருந்தால் போதும்' என்பது கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் எந்த போனில், எந்த நாட்டில் என்பதைப் பொறுத்து அதே சிம் ஒரு இடத்தில் வேலை செய்யும், இன்னொரு இடத்தில் செய்யாது. வேலைக்காகவும் தொழிலுக்காகவும் ஊர் தாண்டிப் போகிறவர்கள் அதிகம் உள்ள சேலம், நாமக்கல் மாவட்டங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

நம்ம பக்கத்துக்கு இதில் என்ன?

நாமக்கல் லாரிகளும் எல்பிஜி டேங்கர்களும் நாடு முழுக்க ஓடுகின்றன. திருச்செங்கோடு ரிக் வண்டிகள் வடமாநிலங்களில் போர் போடுகின்றன. ஆப்பிரிக்க நாடுகள் வரைக்கும் போகின்றன. நாமக்கல் முட்டை வளைகுடா நாடுகளுக்கு ஏற்றுமதியாகிறது. இது போக, திருச்சி, கோவை, சென்னை விமான நிலையங்கள் வழியாக சிங்கப்பூர், மலேசியா, துபாய், கத்தார் என்று வேலைக்குப் போகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

இவர்களில் பலருக்கும் ஒரே நம்பிக்கைதான்: "போன் புதுசு, 4ஜி இருக்கு, எங்க போனாலும் வேலை செய்யும்." பத்து வருஷத்துக்கு முன்பு இது ஏறக்குறைய சரி. இப்போது சரியில்லை.

ரோமிங் எப்படி நடக்கிறது?

ராசிபுரத்தில் வாங்கிய சிம்மோடு ஒருவர் துபாயில் இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். போனை ஆன் செய்ததும், சிம்மில் உள்ள அடையாள எண்ணை அங்குள்ள டவர் கேட்கிறது. இந்திய சிம்களின் அந்த எண் 404 அல்லது 405 என்று தொடங்கும். 'இது இந்திய இணைப்பு' என்று தெரிந்ததும், துபாய் நிறுவனம் இந்திய நிறுவனத்திடம் விசாரிக்கிறது: இவர் உங்கள் வாடிக்கையாளரா, ரோமிங் அனுமதி உண்டா? 'உண்டு' என்று பதில் வந்தால்தான் சேவை. கணக்கு வழக்கு இரண்டு நிறுவனங்களுக்கும் இடையே பிறகு தீரும்.

ஆக, மூன்று கதவுகள் திறக்க வேண்டும். ஒன்று, அந்த ஊர் அலைவரிசையும் தொழில்நுட்பமும் போனுக்குள் இருக்க வேண்டும். இரண்டு, இரு நிறுவனங்களுக்கும் ஒப்பந்தம் இருந்து, ரோமிங் அனுமதியும் ஆன் ஆகியிருக்க வேண்டும். மூன்று, குரல் அழைப்பு எந்த வழியில் போகிறதோ, அந்த வழி இரண்டு பக்கமும் பொருந்த வேண்டும். புதிதாக இடிக்கிற கதவு இந்த மூன்றாவதுதான்.

இரண்டாவது கதவு எவ்வளவு முக்கியம் என்பது காஷ்மீருக்கு லோடு ஏற்றிப்போகும் லாரிக்காரர்களுக்குத் தெரியும். மற்ற மாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் ரோமிங் ஆகாது. போஸ்ட்பெய்டு மட்டும்தான் வேலை செய்யும். டவரிலும் குறையில்லை, போனிலும் குறையில்லை. பாதுகாப்புக் காரணத்துக்காக அனுமதி இல்லை, அவ்வளவுதான்.

முன்பும் இப்படி ஒரு சிக்கல் இருந்ததா?

இருந்தது. 1990-களில் உலகம் இரண்டு, மூன்று தரங்களாகப் பிரிந்து கிடந்தது. ஐரோப்பாவில் உருவான ஜிஎஸ்எம் முறையில் முதல் சேவை 1991-ல் பின்லாந்தில் தொடங்கியது. அமெரிக்காவிலும் தென் கொரியாவிலும் சிடிஎம்ஏ பரவியது. ஜப்பான் தனக்கென்று பிடிசி என்ற முறையை வைத்துக்கொண்டது. ஜிஎஸ்எம் உள்ள நாடுகளுக்குள்ளும் அலைவரிசை வேறு: இந்தியா, வளைகுடா, ஐரோப்பாவில் 900, 1800 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 850, 1900. 'ட்ரை பேண்ட்', 'குவாட் பேண்ட்' என்று போன் விளம்பரங்களில் போட்டது இதனால்தான்.

இந்தியாவிலேயே இந்தப் பிளவு வந்தது. 2002 டிசம்பரில் ரிலையன்ஸ் சிடிஎம்ஏ சேவையைத் தொடங்கியது. 2003-ல் 501 ரூபாய் கட்டினால் போன் என்ற திட்டம் வந்ததும் கிராமம் வரை போன் போய்ச் சேர்ந்தது. ஆனால் அந்தக் காலத்து சிடிஎம்ஏ போன்களில் சிம் கிடையாது. எண் போனுக்குள்ளேயே பதிந்திருக்கும். வளைகுடாவுக்கு அதை எடுத்துப்போனால் மணி பார்க்கத்தான் உதவும். 2007-ல் வந்த பிளாக்பெர்ரி 8830 போன்ற 'வேர்ல்டு போன்'களில் சிடிஎம்ஏ, ஜிஎஸ்எம் இரண்டும் இருந்தன. அவை வசதியுள்ளவர்களுக்கான போன்கள். சாதாரண ஆள் ஏற்பாடு ஊருக்கு ஒரு போன், வெளிநாட்டுக்கு ஒரு போன் என்பதுதான்.

பிறகு சிடிஎம்ஏ ஒதுங்கியது. 4ஜி வந்தபோது எல்லா நாடுகளும் எல்டிஇ என்ற ஒரே தரத்துக்கு வந்து சேர்ந்தன. சண்டை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அப்புறம் என்ன பிரச்சினை?

4ஜி அடிப்படையில் டேட்டாவுக்காக வடிவமைக்கப்பட்டது. பழைய பாணி குரல் அழைப்புக்கு அதில் தனி இடம் இல்லை. அதனால் பல வருஷங்களுக்கு 4ஜி போன்கள் ஒரு குறுக்கு வழியில் ஓடின: கால் வந்தால் போன் சட்டென்று 3ஜி-க்கோ 2ஜி-க்கோ இறங்கும், பேசி முடித்ததும் 4ஜி-க்கு ஏறும்.

இப்போது பல நாடுகளில் இறங்குவதற்குப் படியே இல்லை. அலைவரிசையை 4ஜி, 5ஜி-க்குத் திருப்புவதற்காகப் பழைய சேவைகளை மூடுகிறார்கள். சிங்கப்பூர் 2017 ஏப்ரலில் 2ஜி-யையும், 2024-ல் 3ஜி-யையும் மூடியது. மலேசியா 2021 இறுதிக்குள் 3ஜி-யை மூடியது. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 2022-க்குள் 3ஜி-யை நிறுத்தின. ஆஸ்திரேலியாவில் டெல்ஸ்ட்ரா, ஆப்டஸ் நிறுவனங்கள் 2024 அக்டோபர் 28-ல் மூடத் தொடங்கின. ஜப்பானில் டோகோமோ தன் 3ஜி-க்கு அறிவித்த கடைசி நாள் 2026 மார்ச் 31.

அப்படிப்பட்ட நாட்டில் குரல் அழைப்பு 4ஜி வழியாகவே போக வேண்டும். இதற்குப் பெயர்தான் வோல்ட்இ. இந்தியாவில் 2016 செப்டம்பரில் வந்த ஜியோ தொடக்கத்திலிருந்தே இந்த வழியில்தான் ஓடுகிறது. அதற்கு 2ஜி, 3ஜி கிடையாது.

டேட்டா வருது, கால் மட்டும் போகலையே?

வோல்ட்இ என்பது ஒரே தரம்தான். ஆனால் அதை ஒவ்வொரு நிறுவனமும் தனக்கேற்ற அமைப்புகளோடு இயக்குகிறது. அந்த அமைப்புகளைப் போன் கம்பெனி தன் மென்பொருளில் முன்கூட்டியே சேர்த்திருக்க வேண்டும். இந்திய நிறுவனங்களுக்காகத் தயாரான மலிவு விலைப் போனில் சிங்கப்பூர், ஆஸ்திரேலிய நிறுவனங்களின் அமைப்பு இல்லாமல் போகலாம். அப்போது அங்கே உள்ளூர் சிம் போட்டால் டேட்டா ஓடும், யூடியூப் ஓடும்; சாதாரண கால் மட்டும் போகாது.

இந்திய சிம்மோடு ரோமிங்கில் இருந்தால், குரல் அழைப்பு இந்தியாவில் உள்ள கருவி வரை டேட்டாவாக வந்து திரும்ப வேண்டும். இதற்கு இரு நிறுவனங்களுக்கும் இடையே வோல்ட்இ ரோமிங் ஒப்பந்தம் தனியாக வேண்டும். வழக்கமான ரோமிங் ஒப்பந்தம் இருப்பதால் இதுவும் இருக்கும் என்று சொல்ல முடியாது.

விஷயம் எவ்வளவு தீவிரமானது என்பதற்கு ஆஸ்திரேலியாவே உதாரணம். 3ஜி மூடியபோது, சில 4ஜி போன்கள் சாதாரண கால்களை 4ஜி-யில் எடுத்தாலும், அவசர எண்ணான 000-க்கு அழைக்க மட்டும் 3ஜி-யைத் தேடுவது தெரிந்தது. அப்படிப்பட்ட போன்களுக்குச் சேவையே தரக்கூடாது என்று அந்நாட்டு அரசு விதி கொண்டுவந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட முடியாத போன், பார்வைக்கு நல்ல போனாகத்தான் இருக்கும்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. பல ஆப்பிரிக்க நாடுகளில் 900 மெகாஹெர்ட்ஸ் 2ஜி இன்னும் ஓடுகிறது. ரிக் வண்டியோடு அங்கே போகிறவருக்குப் பழைய பட்டன் போன் போதும். அதே போன் சிங்கப்பூரில் சும்மா கிடக்கும். 2017-ல் வந்த ஜியோபோன் போன்றவற்றில் 4ஜி மட்டும்தான்; வேறு நிறுவன சிம்மையும் அவை ஏற்காது.

அலைவரிசையைப் பொறுத்தவரை பெரிய கவலை இல்லை. இந்திய 4ஜி போன்களில் பெரும்பாலும் உள்ள 'பேண்ட் 3' (1800 மெகாஹெர்ட்ஸ்) வளைகுடா, சிங்கப்பூர், மலேசியாவிலும் உண்டு. அமெரிக்காவில் அது இல்லை. அங்கே 2, 4, 12, 13 போன்ற பேண்டுகள் தேவை.

வாட்ஸ்அப்பில் பேசிக்கலாமே?

பேசலாம், எல்லா இடத்திலும் இல்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் மெசேஜ் போகும். வாய்ஸ் கால், வீடியோ கால் வழக்கமாக இயங்காது. அனுமதி பெற்ற வேறு செயலிகளைத்தான் பயன்படுத்த வேண்டும்.

அதைவிட முக்கியம் ஓடிபி. வங்கி, ஆதார் எல்லாம் இந்திய எண்ணுக்கு வரும் எஸ்எம்எஸ்ஸை நம்பியே இருக்கின்றன. ஊரில் வீட்டுக் கடன் தவணை கட்டவும், மனைவி பெயருக்குப் பணம் மாற்றவும் அந்த ஆறு இலக்கம் வேண்டும். செலவு மிச்சம் என்று இந்திய சிம்மைக் கழற்றி அலமாரியில் வைத்தால், கொஞ்ச நாளில் கணக்குக்கான சாவியே கையை விட்டுப் போய்விடும்.

டிராய் விதிப்படி, 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத ப்ரீபெய்டு இணைப்பைத் துண்டிக்கலாம். துண்டித்த எண்ணை 90 நாள் கழித்து வேறு ஒருவருக்குக் கொடுக்கலாம். இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் போனவர் திரும்பி வரும்போது, அவருடைய வங்கி எண் முன்பின் தெரியாத ஒருவரின் கையில் இருக்கலாம்.

யுபிஐ-க்கு மட்டும் ஒரு மாற்று வழி இருக்கிறது. என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கு வைத்திருப்பவர்கள் வெளிநாட்டு எண்ணிலேயே யுபிஐ பயன்படுத்த 2023 ஜனவரியில் அனுமதி வந்தது. சிங்கப்பூர், அமீரகம், கத்தார், ஓமன், சவுதி அரேபியா உள்ளிட்ட 10 நாடுகள் அந்தப் பட்டியலில் இடம்பெற்றன. மலேசியா அப்போது அதில் இல்லை.

பில் பயம் நியாயமா?

நியாயம்தான். பேக் போடாமல் டேட்டா ரோமிங்கை ஆன் செய்தால், பின்னணியில் இறங்கும் படங்களும் வீடியோக்களுமே பெரிய தொகையைக் கொண்டுவந்துவிடும். நேபாள எல்லையில் ரக்சவுல் போன்ற ஊர்களில் நிற்கும் லாரிக்காரரின் போன், அந்தப் பக்க டவரைப் பிடித்துவிடுவதும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2017 ஜூன் 15 முதல் தன் நாடுகளுக்கு இடையே கூடுதல் ரோமிங் கட்டணத்தை ஒழித்தது. இந்தியாவுக்கும் வளைகுடாவுக்கும் இடையே அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. வாடிக்கையாளர் கேட்காமல் சர்வதேச ரோமிங்கை ஆன் செய்யக் கூடாது, பேக்கில் 50, 80, 100 சதவீதம் தீரும்போது எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும் என்று டிராய் 2020 மே மாதம் பரிந்துரைத்தது.

கிளம்பும் முன் என்ன பார்க்கணும்?

* போகிற நாட்டில் 2ஜி, 3ஜி இருக்கிறதா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் வோல்ட்இ கட்டாயம்.
* போன் மாடல் பெயரைச் சொல்லி, அங்குள்ள நிறுவனத்தின் ஆதரவுப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே ஏற்கெனவே வேலை செய்கிற ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்பது இன்னும் எளிது.
* இரண்டு சிம் போன் அல்லது இசிம் வசதி உள்ள போன் எடுத்துப்போங்கள். ஒன்றில் இந்திய எண், இன்னொன்றில் உள்ளூர் எண்.
* ரோமிங்கை ஊரிலேயே ஆன் செய்துவிடுங்கள். அங்கே போய் ஆன் செய்யவும் ஓடிபி கேட்கலாம்.
* இந்திய சிம்முக்கு டேட்டா ரோமிங்கை மட்டும் ஆஃப் செய்து வையுங்கள். வரும் எஸ்எம்எஸ்-க்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. உங்கள் திட்டத்தில் எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.
* ஊரில் உள்ள ஒருவரிடம் ரீசார்ஜ் தேதியைச் சொல்லி வையுங்கள்.

யார் சொல்ல வேண்டும்?

இத்தனையையும் பயணி தானே தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. கடையில் '4ஜி', '5ஜி' என்றுதான் போன் விற்கிறது. எந்தெந்த நாட்டில் குரல் அழைப்பு போகும் என்று வாங்குகிறவருக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை. சிம் போனில் இருந்தே ஆக வேண்டும் என்று விதி போடும் அரசு, அந்த சிம் வெளிநாட்டில் உயிரோடு இருக்கக் குறைந்த செலவில் ஒரு வழியையும் யோசிக்கலாம். எஸ்எம்எஸ் மட்டும் பெறுவதற்கென்று ஆண்டுக்கு ஒருமுறை கட்டும் எளிய திட்டம் எல்லா நிறுவனங்களிலும் கட்டாயம் என்றால், வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறவர்களின் பாதித் தலைவலி தீரும். அதுவரை பாஸ்போர்ட், விசா, டிக்கெட் வரிசையில் போனையும் ஒருமுறை சரிபார்த்துவிட்டுக் கிளம்புவதுதான் பாதுகாப்பு.