உப்புத் தாங்கும் நெல்: பலன் யாருக்கு, பாரம் யாருக்கு?



பாடசாலை விடுமுறையில் வேலணைக்கும் ஊர்காவற்றுறைக்கும் போய் வந்தேன். தீவகத்தில் ஆறு கிடையாது. மாரி மழையை நம்பியே நெல் விதைக்கிறார்கள். மழை பொய்த்தால் உவர் மேலேறிப் பயிர் கருகிவிடும். "உப்பைத் தாங்கும் மரபணு மாற்று நெல் வந்தால் எங்களுக்கு நல்லதுதானே, மாஸ்ரர்?" என்று ஒரு விவசாயி கேட்டார்.

நியாயமான கேள்விதான். தீவகத்துக் கரைகளில் உப்புநீரில் நிற்கும் கண்ணா மரத்தின் மரபணுவை நெல்லில் புகுத்தி, சென்னையிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஆய்வு செய்திருக்கிறது. அப்படியொரு நெல் வயலுக்கு வந்தால் உவர் நிலமும் விளையக்கூடும். அதை நாம் மறுக்கவேண்டியதில்லை.

ஆனால் நமது வயல்களில் களைநெல்லும் இருக்கிறது. மகரந்தம் வழியாக அந்தக் குணம் களைநெல்லுக்குப் போய்விட்டால், அதையும் உப்பு அழிக்காது. வயலில் பரவியதைத் திரும்பப் பிடிக்கவும் முடியாது.

இந்தியப் பருத்தியைப் பாருங்கள். 2002இல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. தொடக்கத்தில் காய்ப்புழுச் சேதமும் மருந்தடிப்பும் குறைந்தன. ஆனால் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் ரகத்தைத் தாங்கிப் பிழைப்பதாக 2010இல் மொன்சான்ரோ நிறுவனமே அறிவித்தது. அமெரிக்காவில் கிளைபோசேட் தாங்கும் சோயா 1996இல் வந்தது. அங்கே இன்று அந்த மருந்துக்குச் சாகாத களைகள் பெருகிவிட்டன.

கிளைபோசேட் என்றால் என்னவென்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2015இல் அரசாங்கம் அதைத் தடைசெய்தது. மலைகளில் களை மண்டியது. நிறை எடுக்க முடியாத நாளில் அரைப் பேர் விழுந்தது நமக்குத்தான். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடையை நீக்கினார்கள். மருந்துத் தாங்கியை மறுபடி முதுகில் சுமந்ததும் நாம்தான். 2021இல் இரசாயன உரத்தை ஒரே இரவில் நிறுத்தினார்கள். இந்த மூன்று முடிவுகளின்போதும் தொழிலாளியைக் கூப்பிட்டு யாரும் கேட்கவில்லை.

அதனால்தான் தீவகத்து நெல் நமக்கும் உரிய விடயம். நமது கோரிக்கைகள் மூன்று. மரபணு மாற்று விதை எதையும் வயலில் இறக்குமுன், சுயாதீனமான ஆய்வின் முடிவுகளைத் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிட வேண்டும். விவசாயி தன் அறுவடையிலிருந்து விதை எடுத்துவைக்கும் உரிமை பறிபோகக் கூடாது. முடிவெடுக்கும் மேசையில் விவசாயிக்கும் தொழிற்சங்கத்துக்கும் இடம் வேண்டும்.

அந்த விவசாயிக்கு நான் சொன்னது இதுதான்: உவருக்கு வேறு வழியும் உண்டு. கேரளத்துப் பொக்காளி நெல்லோடு சாதாரண முறையில் கலந்து உருவாக்கிய ஏ.ரி. 354 நம் நாட்டிலேயே இருக்கிறது. முதலில் அந்த விதை தீவகத்துக்கு ஒழுங்காக வந்துசேரட்டும். மழைநீரைத் தேக்கும் குளங்களைத் தூர்வாரட்டும். இதற்கெல்லாம் அரசாங்கத்தை வற்புறுத்துவோம். அதன் பிறகும் போதாவிட்டால் புதிய விதையைப் பற்றிப் பேசுவோம், நம்மையும் வைத்துக்கொண்டு.