சென்சாரின் கோளாறும் தொழிலாளியின் நாட்சம்பளமும்

மண்வாரி யந்திரம் பழுதாகி நின்றால் நஷ்டம் யாருக்கு? முதலாளிக்கு என்று சட்டென்று சொல்லிவிடலாம். மணிக் கணக்கில் கூலி பெறும் ஓட்டுநரைக் கேட்டால் வேறு பதில் வரும். யந்திரம் நின்ற மணி அவர் சம்பளச் சீட்டில் ஏறுவதில்லை. "எதைத் தொட்டாய்? எதை ஊற்றினாய்?" என்ற விசாரணை மட்டும் அவர் தலையில் ஏறுகிறது. பால் குறைந்த நாளில் மழையைக் கேட்காமல் மரம் வெட்டியவரைக் கேட்கும் வழக்கத்தை அறிந்த நம் வாசகர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இன்றைய பெரிய எக்ஸ்கவேட்டர், புல்டோசர், லோடர் ஆகியவற்றில் பலவற்றுக்கு, டீசல் தொட்டி போக நீல மூடியிட்ட சிறு தொட்டி ஒன்றும் உண்டு. அதில் ஊற்றும் திரவத்துக்கு ஆட்புளூ என்று பெயர். அமெரிக்காவில் டெஃப் என்பார்கள். நூற்றில் 32.5 பங்கு யூரியா, மீதி 67.5 பங்கு உப்பு நீக்கிய சுத்த நீர். சூடான புகையில் இதைத் தெளித்தால் யூரியா அம்மோனியாவாக மாறி, புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சு வாயுவை வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் ஆக்கிவிடுகிறது. சிங்கப்பூரில் 2018 முதல் பதிவான புது டீசல் லோரிகளை ஓட்டுகிறவர்களுக்கு இது பழகிய பொருள்.

தோட்டத்து ஸ்டோரில் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும் யூரியாவும் இதுவும் ஒன்றுதானே என்று எந்தக் கிராணியாரும் எண்ணிவிட வேண்டாம். உர யூரியாவில் பையூரெட் என்ற கலப்பும், கட்டியாகாமலிருக்கச் சேர்த்த பூச்சும் உண்டு. அதைக் கரைத்து ஊற்றினால் தெளிப்பான் அடைத்துக்கொள்ளும். அதற்கப்பால் இருக்கும் விலையுயர்ந்த பாகமும் கெடும்.

விஷயத்துக்கு வருவோம். அமெரிக்க அரசாங்கம் டயர் 4 எனும் புகை விதியின் இறுதிக் கட்டத்தை 2014 முதல் படிப்படியாக அமல் செய்தது. 56 முதல் 560 கிலோவாட் வரையுள்ள எஞ்சின்கள் கிலோவாட் மணிக்கு 0.4 கிராமுக்கு மேல் அந்த நச்சு வாயுவை விடக்கூடாது. திரவம் ஊற்றாமல் ஏய்க்கவும் கூடாது. ஆகவே தொட்டிக்குள் திரவத்தின் அளவு, வெப்பம், தரம் மூன்றையும் பார்க்கும் சென்சார்களும், புகைக் குழாயில் வாயுவை அளக்கும் சென்சார்களும் வைத்தார்கள். ஏதேனும் ஒன்று "சரியில்லை" என்று சொன்னால் முதலில் விளக்கு எரியும். பிறகு மணி அடிக்கும். பிறகு எஞ்சினின் பலம் குறையும். அதற்கும் கவனிக்காவிட்டால் நின்ற இடத்தில் உறுமுவதைத் தவிர வேறெதற்கும் உதவாது. திரவம் கெட்டதா, திரவத்தைப் பார்க்கும் சென்சாரே கெட்டதா என்று யந்திரத்துக்குப் பல வேளைகளில் பகுத்தறியத் தெரியாது. கண்காணிப்பவன் கண் மங்கினாலும் தண்டனை வேலை செய்பவனுக்குத்தான்!

கோளாறு எண் திரையில் வந்தவுடன் "புதுச் சென்சார் வாங்கு" என்பது பல வேலைத்தளங்களில் பழக்கமாகிவிட்டது. அளவு, வெப்பம், தரம் மூன்றும் பெரும்பாலும் ஒரே தலைப்பாகத்தில் அடங்கியிருப்பதால் ஒன்றுக்காக முழுவதையும் மாற்றுகிறார்கள். பணம் போகிறது, இரண்டு நாளில் அதே விளக்கு மறுபடி எரிகிறது.

எண்ணைப் படிக்கத் தெரிந்தால் இந்த வீண் செலவில் பாதி குறையும். எண்ணில் இரண்டு பகுதிகள் உண்டு. முதலாவது எஸ்.பி.என்.: எந்த இடம் என்று சொல்லும். 1761 என்றால் தொட்டியின் அளவு. 3364 என்றால் திரவத்தின் தரம். இரண்டாவது எஃப்.எம்.ஐ.: என்ன விதக் கோளாறு என்று சொல்லும். 3 என்றால் மின்னழுத்தம் மிகை, 4 என்றால் குறைவு, 9 என்றால் செய்தி ஒழுங்காக வரவில்லை. இம்மூன்றும் வந்தால் முதலில் கம்பி, இணைப்பு, பியூஸ், எர்த், பாட்டரி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இணைப்பைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளை உப்புப் பூத்திருந்தால் ஆட்புளூ உள்ளே ஊர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அது மிக நுண்ணிய சந்திலும் ஏறும்; செம்பை அரிக்கும். இந்நிலையில் புதுச் சென்சாரை மாட்டினாலும் பழைய கதையே.

கம்பி நன்றாக இருந்தால் அடுத்தது திரவம். மூடியைத் திறந்து கண்ணால் அளவைப் பார்த்துத் திரையோடு ஒப்பிட வேண்டும். இதற்கு எந்தக் கம்ப்யூட்டரும் தேவையில்லை. பிறகு ரிப்ராக்டோமீட்டர் என்ற கைக் கருவியில் ஒரு துளி விட்டால் 32.5 இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். சரியாக இருந்தும் சென்சார் "தரம் கெட்டது" என்று சாதித்தால் அப்போது சென்சாரைச் சந்தேகிக்கலாம். அப்போதும் அவசரம் கூடாது. ஒலியலையால் அளக்கும் வகை, ஊற்றும்போது எழுந்த காற்றுக் குமிழியைக்கூடத் தவறாகப் படிக்கும். டீசல் ஊற்றிய புனலையே இதற்கும் பயன்படுத்தினால் சில துளி எண்ணெயே ரப்பர் வளையங்களை உப்ப வைக்கும்.

ஸ்டோரைக் கவனிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆட்புளூ சாராயமல்ல, வைக்க வைக்க நயமாவதற்கு. 30 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ 12 மாதம், 35 டிகிரியில் 6 மாதந்தான் தாங்கும். தகரக் கொட்டகையில் வெயிலில் வைத்த பீப்பாயின் தேதியைப் பார்க்காமல் கொடுத்துவிட்டு ஓட்டுநரைக் குறை சொல்வது எப்படி நியாயம்?

இன்னொன்று. வேலை முடிந்ததும் எஞ்சினை நிறுத்திய கையோடு பாட்டரியின் மெயின் சுவிட்சையும் அணைத்துவிடுகிறார்கள். எஞ்சின் நின்ற பிறகுதான் குழாயிலுள்ள திரவத்தைப் பம்ப் தொட்டிக்குத் திரும்ப இழுக்கிறது. அதற்குச் சில நிமிடம் வேண்டும். கொடுக்காவிட்டால் மிச்சம் குழாயிலேயே காய்ந்து கல்லாகும். அந்தச் சில நிமிடத்துக்குச் சம்பளம் கொடுக்க மனமில்லாத கண்டிராக்டர் பிறகு பம்புக்குக் கொடுக்கிறார்.

இவ்வளவும் செய்து கோளாற்றை நீக்கினாலும் விளக்கு அணையாத யந்திரங்கள் உண்டு. உற்பத்தியாளரின் சாப்ட்வேரை வைத்திருக்கும் டீலரின் ஆள் வந்து பூட்டைத் திறக்க வேண்டும். 2025 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையம், இல்லினாய், மினசோட்டா மாநிலங்களோடு சேர்ந்து ஜான் டீர் கம்பெனிமீது தொடுத்த வழக்கு இப்படிப்பட்டதே: முழுமையான பழுதுபார்க்கும் சாப்ட்வேரைத் தன் டீலர்களுக்கு மட்டும் கொடுத்து உழவர்களைக் கட்டிப்போடுகிறது என்பது குற்றச்சாட்டு. கொலராடோ மாநிலத்தில் 2024 ஜனவரி முதல் அமலுக்கு வந்த சட்டம், பழுதுபார்க்கும் கருவிகளையும் விவரங்களையும் உழவு யந்திர உடைமையாளருக்குக் கொடுக்கச் சொல்கிறது. மண்வாரி ஓட்டுகிறவருக்கு அந்தச் சட்டத்தில் பங்கில்லை.

"இந்தத் தொல்லையே வேண்டாம், எல்லாவற்றையும் கழற்றி எறிந்து சாப்ட்வேரை மாற்றிவிடலாம்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். தொழிலாளரிலும் சிலர் இதற்குத் தலையாட்டுகிறார்கள். நாம் ஒப்பவில்லை. அமெரிக்காவில் அது சட்ட விரோதம் என்பது ஒரு புறம். டீசல் புகை மனிதனுக்குப் புற்றுநோய் தருவது என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2012-ல் வகைப்படுத்தியது. வேலைத்தளத்துப் புகையைப் பக்கத்தில் நின்று சுவாசிப்பவர் கம்பெனி டைரக்டரல்ல. புகைச் சுத்திகரிப்பு நமக்கு எதிரியல்ல. அதன் சாவியை ஒருவரே இடுப்பில் செருகிக்கொண்டிருப்பதுதான் எதிரி.

2025 ஆகஸ்டில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் இலாகா ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஏற்கெனவே ஓடும் யந்திரங்களின் சாப்ட்வேரை மாற்றும்படி உற்பத்தியாளர்களைக் கேட்டுக்கொண்டது. அதன்படி சாலைக்கு வெளியே ஓடும் யந்திரங்களில் கோளாறு தோன்றி முதல் 36 மணி நேர ஓட்டத்துக்குப் பலம் குறையாது. பிறகு கால் பங்கு குறையும். 100 மணிக்குப் பிறகு பாதி குறையும். நாளொன்றுக்கு 9 மணி வேலையென்றால் 36 மணி நான்கு நாள். கம்பியைப் பார்க்கவும் திரவத்தைச் சோதிக்கவும் நான்கு நாள் தாராளம். வரவேற்கிறோம். ஆனால் புதுச் சாப்ட்வேரை ஏற்றப்போவது யார்? அதே டீலரின் கம்ப்யூட்டர்தான்!

யந்திரம் ஓட்டுகிறவர்களின் சங்கங்கள் ஒப்பந்தத்துக்கு உட்காரும்போது மூன்று விஷயங்களைக் கேட்கலாம். விளக்கு எரிந்ததை ஓட்டுநர் எழுத்தில் அறிவித்த நேரம் முதல், யந்திரம் நின்றாலும் அவர் சம்பளம் நிற்கக்கூடாது. ஒவ்வொரு வேலைத்தளத்திலும் ஒரு ரிப்ராக்டோமீட்டரும், கோளாறு எண்களின் விளக்கப் புத்தகம் தொழிலாளி படிக்கும் மொழியிலும் இருக்க வேண்டும். பீப்பாய் வந்த தேதியும் திறந்த தேதியும் ஸ்டோர்ப் புத்தகத்தில் பதிவாக வேண்டும். விசாரணை என்று வந்தால் அந்தப் புத்தகத்தை ஓட்டுநரும் பார்க்கலாம்.