தாத்தா வீட்டு முகவரியைக் கொடுத்தால் திருட்டா?

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் 2011 ஜனவரியில் ஒரு தாயைச் சிறைக்கு அனுப்பினார்கள். ஆக்ரன் நகரின் அரசுக் குடியிருப்பில் இரண்டு மகள்களைத் தனியாக வளர்த்துவந்த கறுப்பினப் பெண் அவர். பக்கத்தில் உள்ள கோப்லி-ஃபேர்லான் பள்ளி மாவட்டத்தில் அவருடைய தந்தைக்கு வீடு இருந்தது. அந்த முகவரியைக் கொடுத்து மகள்களை அங்குள்ள பள்ளிகளில் சேர்த்தார். 2006 முதல் 2008 வரை பிள்ளைகள் அங்கே படித்தார்கள். சந்தேகப்பட்ட பள்ளி மாவட்டம் தனியார் துப்பறிவாளரை வைத்தது. அவர் பின்தொடர்ந்து போய், அந்தத் தாய் ஆக்ரனிலிருந்து மகள்களைக் காரில் கூட்டி வருவதை வீடியோ எடுத்தார். வழக்கு நடந்தது. ஐந்தாண்டுத் தண்டனையை நிறுத்திவைத்த நீதிபதி, பத்து நாள் சிறையில் இருக்க உத்தரவிட்டார்.

வரி கட்டுகிறவர்களின் பணத்தைத் திருடினால் இதுதான் கதி என்று அன்று பலர் சொன்னார்கள். முகவரி மோசடி என்ற பேச்சு எழும்போதெல்லாம் இன்றும் அதையேதான் சொல்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நெருங்கிப் பார்த்தால் நிற்காது.

முதலில் திருட்டு என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். இரண்டு பிள்ளைகளின் படிப்புக்கு ஏறத்தாழ 30,500 டாலர் நஷ்டம் என்று மாவட்டம் கணக்குச் சொன்னது. அரசுத் தரப்பு பெருந்திருட்டுக் குற்றமும் சாட்டியது. அந்தக் குற்றச்சாட்டில் ஜூரிகளால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. அவர் தண்டிக்கப்பட்டது ஆவணங்களில் பொய்த் தகவல் கொடுத்ததற்காக. பணத்தைத் திருடினார் என்று எந்த ஜூரியும் தீர்ப்புச் சொல்லவில்லை. வரிப்பணம் என்று வாதாடுகிறவர்கள் விட்டுவிடுகிற இன்னொரு விஷயமும் உண்டு. அந்தப் பள்ளிகளை நடத்துவது பெரும்பாலும் வீட்டுச் சொத்துவரி. தாத்தாவின் வீடும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. பேத்திகள் அங்கே முழுநேரமாகக் குடியிருந்தார்களா என்பது வேறு கேள்வி. ஆனால் அந்தக் குடும்பத்துக்கும் அந்த ஊருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்பது உண்மையல்ல.

அடுத்த வாதம், நேர்வழி இருக்கும்போது ஏன் குறுக்குவழி என்பது. எந்த நேர்வழி? ஒஹையோவில் வெளியூர்ப் பிள்ளைகளைச் சேர்ப்பதும் மறுப்பதும் அந்தந்தப் பள்ளி மாவட்டத்தின் விருப்பம். பெருநகரங்களை ஒட்டிய வசதியான மாவட்டங்கள் பெரும்பாலும் கதவைச் சாத்திவைத்திருக்கின்றன. கட்டணம் கட்டிச் சேர்க்கலாம் என்றால், அரசுக் குடியிருப்பில் இருப்பவர் அவ்வளவு பணத்துக்கு எங்கே போவார்? மிச்சமிருக்கும் ஒரே வழி வீட்டை மாற்றுவது. அமெரிக்காவில் வசதியுள்ள குடும்பங்கள் செய்வது அதைத்தான். அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் பள்ளி மாவட்டத்தைப் பார்த்துத்தான் வீடு வாங்குகின்றன. அதில் தவறில்லை. ஆனால் கையில் காசு இருந்தால் மட்டுமே திறக்கிற கதவைக் காட்டி, ‘இது எல்லோருக்கும் பொது’ என்று சொல்லக் கூடாது.

இந்த நிலை தானாக வந்ததும் அல்ல. மாவட்டங்களுக்கு இடையே பள்ளி நிதி ஏற்றத்தாழ்வாக இருப்பது அமெரிக்க அரசியல் சட்டத்துக்கு முரணல்ல என்று 1973இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே டெட்ராய்ட் வழக்கு. இனப் பிரிவினையைப் போக்க நகரப் பிள்ளைகளைப் புறநகர் மாவட்டங்களோடு கலக்கும் திட்டத்தையும் அதே ஐந்துக்கு நான்கில் தள்ளுபடி செய்தது. மாவட்ட எல்லைக் கோடு அன்றைக்கே மதில்சுவராகிவிட்டது. 1997இல் ஒஹையோவின் சொந்த உச்ச நீதிமன்றமே, சொத்துவரியை இவ்வளவு நம்பியிருக்கும் பள்ளி நிதிமுறை மாநில அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்றது. அதற்குப் பிறகும், 2002 வரை, அதையே திரும்பச் சொன்னது. அந்தத் தீர்ப்புகளை மதித்துச் சீராக்கத் தவறிய சட்டமன்ற உறுப்பினர் ஒருவரும் சிறைக்குப் போகவில்லை. ஒரு படிவத்தில் தப்பான முகவரி எழுதிய தாய் போனார்.

சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்பார்கள். 2019இல் வெளிவந்த கல்லூரிச் சேர்க்கை ஊழலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மகளின் நுழைவுத் தேர்வு விடைகளைத் திருத்த 15,000 டாலர் கொடுத்த ஹாலிவுட் நடிகை ஃபெலிசிட்டி ஹஃப்மனுக்குக் கிடைத்தது பதினான்கு நாள் சிறை. நல்ல பள்ளி, தனிப்பயிற்சி, பணம் எல்லாம் வீட்டிலேயே இருந்தும் போதவில்லை என்று லஞ்சம் கொடுத்தவர் அவர். ஆக்ரன் தாய் கேட்டதோ வரிப்பணத்தில் நடக்கும் சாதாரணப் பள்ளியில் இரண்டு இடம். சிறைநாள் கணக்கில் இரண்டும் கிட்டத்தட்ட சமம் என்றால், அளவுகோல் எங்கோ பழுது.

கண்டிக்காவிட்டால் ஆளாளுக்குப் பொய் முகவரியோடு வந்துவிடுவார்களே என்ற அச்சத்தில் மட்டும் ஓரளவு உண்மை இருக்கிறது. எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்று தெரியாமல் ஒரு பள்ளி வகுப்பறையையும் ஆசிரியரையும் திட்டமிட முடியாது. பொய்ப் படிவத்துக்கு விளைவு இருக்கட்டும்: பிள்ளையை மாற்றச் சொல்லலாம், முடிந்த அளவு கட்டணம் கேட்கலாம். ஆனால் இந்த வழக்கில் விழுந்த தீர்ப்பு அதோடு நிற்கவில்லை. அந்தப் பெண் ஆக்ரன் பள்ளியொன்றில் சிறப்புக் கவனிப்பு தேவைப்படும் பிள்ளைகளுக்கு உதவியாளராக இருந்தார். ஆசிரியராக வேண்டுமென்று கல்லூரியிலும் படித்துக்கொண்டிருந்தார். கடுங்குற்றம் செய்தவர் என்ற முத்திரை விழுந்தால் ஆசிரியர் உரிமம் கிடைப்பதே கேள்விக்குறி. கல்விக்காகப் பொய் சொன்னவரைக் கல்வித் துறையிலிருந்தே விரட்டுவதால் எந்த வரி கட்டுபவருக்கு என்ன லாபம்?

கருணை காட்ட வேண்டாம் என்றுதான் மாநிலப் பரோல் வாரியம் பரிந்துரைத்தது. ஆளுநர் ஜான் கேசிக் அதை ஏற்கவில்லை. 2011 செப்டம்பரில் அந்தக் கடுங்குற்றங்களைச் சிறு குற்றங்களாகக் குறைத்தார். அவர் குடியரசுக் கட்சிக்காரர், வரியைக் குறைப்பேன் என்று சொல்லியே பதவிக்கு வந்தவர். தவறு தவறுதான், ஆனால் தண்டனை தவறின் அளவை மீறிவிட்டது என்பது அவருக்கே தெரிந்திருந்தது.

அவரால் குறைக்க முடிந்தது ஒருவரின் தண்டனையை மட்டும்தான். புறநகர்ப் பள்ளி மாவட்டங்கள் நகரப் பிள்ளைகளுக்கும் இத்தனை இடம் ஒதுக்கியாக வேண்டும் என்று ஒஹையோ சட்டமன்றம் விதி செய்திருந்தால், துப்பறிவாளருக்குக் கொடுத்த பணத்தை அந்த மாவட்டம் நூலகத்துக்குச் செலவிட்டிருக்கலாம்.