பாளையம்பட்டியில் எத்தனை மில்லிமீட்டர்?

"அருப்புக்கோட்டையில் மழை!" என்று கைப்பேசி சொல்கிறது.

பக்கத்து ஊரான பாளையம்பட்டியில் ஒரு சம்சாரி வானத்தைப் பார்க்கிறார். வெயில் சுள்ளென்று அடிக்கிறது!

கைப்பேசி பொய் சொல்லிவிட்டதா? அப்படிச் சொல்ல முடியாது. கரிசல் காட்டு மழை அப்படித்தான். கண்மாயின் ஒரு கரை நனையும். மறு கரை காயும்.

கம்ப்யூட்டர் படித்த இளைஞர்கள் பலருக்கு இன்று ஓர் ஆசை இருக்கிறது. சொந்தமாக ஒரு வானிலை வரைபட இணையதளம் செய்ய வேண்டும் என்ற ஆசை.

நல்ல ஆசைதான். ஆனால் அவர்களுக்கு ஒன்று சொல்லுவோம். தம்பி, தங்கைகளே! வரைபடத்தை அப்புறம் போடுங்கள். முதலில் உங்கள் ஊர் மழையை அளந்து பாருங்கள்!

டோக்கியோவில் ஒருவர்

ஜப்பான் நாட்டின் டோக்கியோ நகரில் கேமரான் பெக்காரியோ என்ற கம்ப்யூட்டர் என்ஜினீயர் இருந்தார். 2013‍-ல் அவர் ஓர் இணையதளம் செய்தார். அதன் பெயர் "எர்த்". உலக உருண்டையின் மேல் காற்று ஓடுவதை அதில் கண்ணால் பார்க்கலாம். புயல் சுழல்வதும் தெரியும். தனி ஒருவர் செய்த வேலை அது! உலகமே வியந்தது.

ஆனால், காற்றின் கணக்கு அவர் போட்டது அல்ல. அமெரிக்க வானிலைத் துறையின் கம்ப்யூட்டர் போட்டது. அந்தக் கணக்கு இலவசமாகக் கிடைக்கிறது. அவர் அதைப் படமாக்கினார்.

பாளையம்பட்டி இளைஞரும் அதே கணக்கை எடுக்கலாம். படமும் போடலாம். ஆனால் அந்தக் கணக்கில் சுமார் 28 கிலோமீட்டருக்கு ஒரு புள்ளிதான் உண்டு. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே எத்தனை பட்டிகள்! எத்தனை கண்மாய்கள்! அவற்றில் எங்கே பெய்தது, எங்கே பெய்யவில்லை என்று அந்தப் படம் சொல்லாது.

ஒரே ஊர், இரண்டு மழை

"இவ்வளவு நுட்பமாகப் பார்க்க வேண்டுமா?" என்று சிலர் கேட்கலாம்.

அமெரிக்காவில் போர்ட் காலின்ஸ் என்று ஒரு நகரம். 1997 ஜூலை 28-ந் தேதி அங்கே பெருவெள்ளம் வந்தது. 5 பேர் இறந்தனர். நகரின் ஒரு பக்கம் 10 அங்குலத்துக்கு மேல் மழை. அதே நகரின் இன்னொரு பக்கம் 2 அங்குலம்கூட இல்லை!

அடுத்த ஆண்டே அந்த வட்டாரத்து மக்கள் வீட்டுக்கு வீடு மழைமானி வைக்கத் தொடங்கினார்கள். தினமும் அளந்து, ஒரே வரைபடத்தில் சேர்த்தார்கள். இன்று ஆயிரக்கணக்கான வீடுகளில் அந்த வேலை நடக்கிறது. முதலில் அளவு, பிறகு படம். அதுதான் சரியான வழி.

"நம் அரசாங்கம் அளக்கவில்லையா?" என்று கேட்பீர்கள். அளக்கிறது. புதிதாக 1,400 தானியங்கி மழைமானிகள் வைக்கவும் தமிழக அரசு திட்டம் போட்டது. நல்ல காரியம். ஆனால் தமிழ்நாட்டில் சுமார் 12,500 ஊராட்சிகள் இருக்கின்றன. சுமார் 9 ஊராட்சிகளுக்கு ஒன்றுதான் வரும். மீதியை ஊரார்தான் பார்க்க வேண்டும்.

ஒரு டப்பா போதும்

இதற்குப் பெரிய செலவு இல்லை. அடி தட்டையாகவும், பக்கம் நேராகவும் உள்ள ஒரு டப்பா போதும். வாயும் அடியும் ஒரே அகலமாக இருக்க வேண்டும். மரம், சுவர் ஆகியவற்றுக்கு எட்ட, திறந்த வெளியில் வையுங்கள். தினமும் காலை 8.30 மணிக்கு, தேங்கிய நீரின் உயரத்தை அடிக்கோலால் அளங்கள். மில்லிமீட்டரில் எழுதுங்கள். பிறகு நீரைக் கொட்டிவிடுங்கள். மழை இல்லாத நாளில் "0" என்று எழுத மறக்காதீர்கள். அதுவும் கணக்குதான்!

ஒரு மில்லிமீட்டர் என்றால் அற்பம் என்று நினைக்க வேண்டாம். ஓர் ஏக்கரில் அது சுமார் 4,000 லிட்டர் தண்ணீர்.

மானாவாரி சம்சாரிக்கு இந்தக் கணக்குதான் உயிர். ஈரம் போதும் என்று நம்பி விதைப்பார். போதாவிட்டால் முளை கருகும். மறுபடி விதை வாங்கக் கடன்! "நம் ஊரில் இதுவரை எவ்வளவு பெய்தது?" என்று ஒரு படம் உண்மையைச் சொன்னால், அவர் யோசித்து விதைப்பார்.

ஓர் எச்சரிக்கை

படம் செய்யும் இளைஞர்களே! "நாளை புயல்" என்று நீங்களாகச் சொல்லாதீர்கள். அந்தப் பொறுப்பு 1875-ல் தொடங்கிய இந்திய வானிலைத் துறைக்கு உரியது. பெய்ததைச் சொல்லுங்கள். அளந்த நேரத்தையும் போடுங்கள். அளவு வராத ஊரை வெள்ளையாக விட்டுவிடுங்கள். அழகுக்காக நீல வண்ணம் பூசினால், அதை நம்பி ஒருவர் விதை மூட்டையை அவிழ்த்துவிடுவார்!

பாளையம்பட்டியில் ஒருவர், திருச்சுழியில் ஒருவர், நடுவே உள்ள பட்டிகளில் ஒவ்வொருவர். பள்ளிப் பிள்ளைகளே இதைச் செய்யலாம். ஒரு நோட்டு, ஓர் அடிக்கோல், ஒரு டப்பா.

வருகிற ஐப்பசிக்குள் தொடங்குங்கள். படம் தானே வரும்!