லாரி ஸ்பிரிங் போட்ட ஸ்போர்ட்ஸ் கார்

மக்களே, இன்னைக்கு வட்டி விகிதம், பென்ஷன் எதுவும் கிடையாது. கார். அதுவும் நம்மில் யாரும் வாங்கப்போகாத கார்.

போன ஞாயிறு மணிநகரில் நண்பர் வீட்டில் சாப்பாடு. அகமதாபாத் வந்து பதினோரு வருஷமாச்சு, நல்ல வத்தக்குழம்புன்னா இன்னும் அவங்க வீடுதான். அவர் பையன் இங்கேயே மெக்கானிக்கல் இரண்டாம் வருஷம் படிக்கிறான். பேச்சு எப்படியோ செவர்லே கார்வெட் பக்கம் போச்சு. பையன் சிரிச்சுட்டான். "அங்கிள், அது பிளாஸ்டிக் பாடி, தாத்தா காலத்து புஷ்ராட் எஞ்சின், லாரிக்குப் போடற லீஃப் ஸ்பிரிங். அதெல்லாம் ஒரு ஸ்போர்ட்ஸ் காரா?"

நான் பி.காம். அவன் நாளைய எஞ்சினியர். வாயை மூடிக்கிட்டு மோரை ஊத்திக்கிட்டேன். வீட்டுக்கு வந்தும் ஆறலை. அதான் இங்கே கொட்டறேன்.

முதல்ல அந்த 'பிளாஸ்டிக்'. ஹார்லி ஏர்ல் வடிவமைச்ச கார்வெட் 1953 ஜனவரியில் நியூயார்க்கில் ஜெனரல் மோட்டார்ஸ் கண்காட்சியில் மேடையேறியது. மக்கள் மயங்கினாங்க. அந்த வருஷமே விற்பனைக்கு வேணும். இரும்புத் தகட்டில் பாடி அடிக்கணும்னா பெரிய அச்சுகள் செய்யணும். அதுக்குப் பணமும் ஆகும், மாசக்கணக்கில் நேரமும் ஆகும். அதனால கண்ணாடி இழையில் பாடியை வார்த்தாங்க. முதல் வருஷம் செஞ்சது 300 கார், ஃபிளின்ட் நகரில், பெரும்பாலும் கைவேலை. கொஞ்சமா விற்கப்போற காருக்கு முதலீட்டைக் குறைக்க எடுத்த முடிவு அது. துருவும் பிடிக்காது. கடன் விண்ணப்பத்தில் இப்படி ஒரு முடிவைப் பார்த்தா நான் எழுந்து நின்னு கை குலுக்குவேன்.

அந்தக் காரில் குறையே இல்லைன்னு சொல்ல வரலை. பார்க்க ராஜா. உள்ளே 150 குதிரைத்திறனில் ஆறு சிலிண்டர் எஞ்சின், ரெண்டே ரெண்டு கியர் உள்ள ஆட்டோமேட்டிக். 1955இல் விற்பனை படுத்து, உற்பத்தி 700 காரோடு நின்னது. அந்த வருஷம்தான் வி-8 எஞ்சின் வந்தது. அதே கம்பெனிக்குள் இருந்த சோரா ஆர்கஸ்-டன்டோவ் என்ற எஞ்சினியர், இதை உண்மையான ஸ்போர்ட்ஸ் காரா ஆக்கணும்னு மல்லுக்கு நின்னார். கார்வெட் பிழைச்சது அதுக்கப்புறம்தான்.

இப்போ 'தாத்தா எஞ்சின்'. புஷ்ராட் எஞ்சினில் கேம்ஷாஃப்ட் ஒண்ணே ஒண்ணு, எஞ்சினின் நடுவில் கீழே உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து கம்பிகள் மேலே போய் வால்வைத் திறக்கும். நவீனம்னு பையன் சொல்ற அமைப்பில் ஒரு வி-8க்கு நாலு கேம்ஷாஃப்ட், நாலும் தலைமேல். அதிக வேகத்தில் சுத்த அது நல்லது, மறுக்கலை. ஆனா எஞ்சின் உயரமாகும், அகலமாகும், செலவும் ஏறும். புஷ்ராட் எஞ்சின் குள்ளமா, அடக்கமா இருக்கும். பானெட்டைத் தாழ்வா வைக்கலாம், எடை தரைக்குக் கிட்டே நிற்கும். 1997இல் வந்த ஐந்தாம் தலைமுறையின் 5.7 லிட்டர் அலுமினிய எஞ்சின் 345 குதிரைத்திறன் கொடுத்தது. அந்தத் தலைமுறைப் பந்தயக் கார் லெ மான் 24 மணி நேரப் போட்டியில் 2001, 2002, 2004 மூணு வருஷமும் தன் பிரிவில் முதலிடம். அதிலும் புஷ்ராட் எஞ்சின்தான்.

கடைசியா, பையன் ரொம்பச் சிரிச்ச அந்த லாரி ஸ்பிரிங். லாரிக்கு அடியில் குனிஞ்சு பார்த்திருப்பீங்க. இரும்புப் பட்டைகளை அடுக்கி, வண்டியின் நீளவாக்கில் கட்டியிருப்பாங்க. அது பாரத்தையும் தாங்கணும், அச்சையும் நகராமல் பிடிச்சுக்கணும். 1963 ஸ்டிங் ரேயில் பின்பக்க ஸ்பிரிங் குறுக்குவாக்கில் போச்சு. ரெண்டு பின் சக்கரமும் தனித்தனியா ஏறி இறங்கும். சக்கரங்களைப் பிடிச்சுக்க வேற தண்டுகள் உண்டு. ஸ்பிரிங்குக்கு ஸ்பிரிங் வேலை மட்டும்தான். 1981இல் இரும்பு அடுக்குக்குப் பதிலா கண்ணாடி இழையில் ஒத்தைப் பட்டை வந்தது. எடை சுமார் ஐந்தில் ஒரு பங்கு. 1984இல் முன்பக்கமும் அதே ஏற்பாடு. ஏழாம் தலைமுறை முடிஞ்ச 2019 வரை அது ஓடியது. பேர் ஒண்ணா இருக்குன்னு லாரியோட சேர்த்தா, ரெண்டுலயும் சக்கரம் இருக்குன்னும் சேர்க்கலாம் :-)

"அப்புறம் ஏன் 2020இல் காயில் ஸ்பிரிங்குக்கு மாறினாங்க? 2023 இசட்-06இல் ஏன் நாலு கேம்ஷாஃப்ட்?" பையன் இதைப் படிச்சா கேட்பான். நியாயமான கேள்வி. எட்டாம் தலைமுறையில் எஞ்சின் சீட்டுக்குப் பின்னால் போயிடுச்சு, முழு அமைப்பும் மாறிடுச்சு. இசட்-06இன் 5.5 லிட்டர் எஞ்சின் நிமிஷத்துக்கு 8,500க்கு மேல் சுத்தி 670 குதிரைத்திறன் கொடுக்கணும். வேலை மாறினா கருவி மாறும். அதே 2020 அடிப்படைக் காரில் புஷ்ராட் எஞ்சினே தொடர்ந்தது. 490 குதிரைத்திறன், ஆரம்ப விலை 60,000 டாலருக்கும் கீழே.

கார்வெட்டைத் திட்டணுமா? இடம் நான் காட்டறேன். 1968இல் பாடியை மாத்தினாங்க, அடியில் இருந்தது 1963இன் சேசிஸ். அதை 1982 வரை ஓட்டினாங்க. 1975இல் புகைக் கட்டுப்பாட்டில் சிக்கி அடிப்படை எஞ்சின் 165 குதிரைத்திறனுக்கு இறங்கியது. 1979இல் 195. அந்த 1979இல்தான் 53,807 கார் செஞ்சு சாதனை! அழகு விற்றது, காசு வந்தது, உள்ளே இருப்பதை யாரும் அவசரமா மாத்தலை. டன்டோவ் 1960லேயே எஞ்சினைப் பின்னால் வெச்சு சோதனைக் கார் செஞ்சு காட்டியவர். விற்பனைக்கு வந்த காரில் அதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கலை. 1996இல் போய்ச் சேர்ந்தார். 'விற்குதே, எதுக்கு மாத்தணும்'னு சொன்ன கணக்குப் பிள்ளைகள் என் ஜாதி. அந்தப் பழியில் எனக்கும் பங்கு உண்டு.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம்னு யோசிச்சேன். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு லேத் பட்டறைக்காரர் கடன் கேட்டிருந்தார். பார்வையிடப் போனேன். பழைய லேத். ஸ்பிண்டில், பேரிங் எல்லாம் அவரே மாத்தியிருந்தார். "சாகேப், ஒரு பீஸ் கடைஞ்சு தர்றேன், நீங்களே அளந்து பாருங்க"ன்னார். எனக்கு அடுத்த இடத்துக்குப் போகிற அவசரம். அறிக்கையில் 'காலாவதியான இயந்திரங்கள்'னு எழுதினேன். கடன் போகலை. அவர் வேலை எத்தனை துல்லியம்னு எனக்கு இன்னைக்கும் தெரியாது, ஏன்னா நான் அளக்கவே இல்லை.

நான் பி.காம்., சாக்கு சொல்லிக்கலாம். தம்பி, உனக்கு அந்தச் சாக்கு கிடையாது. 'பழசு'ங்கிறது வயசைச் சொல்லும், வேலையைச் சொல்லாது. எவ்வளவு எடை, எவ்வளவு இடம், எவ்வளவு செலவு, என்ன வேலை செய்யுது, இதையெல்லாம் அளந்துட்டுச் சிரி. அடுத்த ஞாயிறும் வத்தக்குழம்புக்கு வர்றேன். ஸ்கேல் எடுத்து வை.