கம்பெனி கொட்டிய விஷத்தை மரமா சுமக்க வேண்டும்?

முகத்துவாரங்களில் அலையாத்தி மரங்களை நட்டால், ஆற்றோடு வரும் ஈயம், காட்மியம், பாதரசம் எல்லாவற்றையும் அவை உறிஞ்சிவிடும் என்று பேச்சு அடிபடுகிறது. இதில் உண்மை உண்டு. கண்டல், சுரபுன்னை மரங்களின் வேர்கள் வண்டலைத் தடுத்து நிறுத்துகின்றன. காற்றுப் புகாத சேற்றில் உலோகம் கந்தகத்தோடு சேர்ந்து கட்டுப்படுகிறது. மரம் எடுப்பதும் பெரும்பாலும் வேரிலேயே தங்குகிறது. மரம் நடட்டும், நாம் குறுக்கே நிற்கவில்லை.

ஆனால் தேனி மில் தொழிலாளிக்கும் பெரியகுளம் கூலி விவசாயிக்கும் இதனால் என்ன பயன்?

நம் தலைக்கு மேலே கோடைக்கானலில் நடந்ததைப் பாருங்கள். 1983இல் அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து பெயர்த்து வந்த தெர்மாமீட்டர் ஆலை, பின்னர் இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. பாதரசம் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகள் ஏழு டன்னுக்கு மேல் மூஞ்சிக்கல் பழைய சாமான் கடையில் கிடந்ததை 2001இல் ஜனங்கள் அம்பலப்படுத்திய பிறகே ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே கப்பலேறியது. (உடம்பில் ஏறியதை எந்தக் கப்பலில் ஏற்றுவது?) நோயுற்றோம் என்று வழக்காடிய 591 தொழிலாளர்களோடு 2016இல்தான் ஒப்பந்தம் ஏற்பட்டது, தொகையை வெளியே சொல்லவில்லை.

ஆலைக்குக் கீழே பாம்பார் சோலை. அந்தப் பாம்பாறுதான் கும்பக்கரையில் அருவியாக விழுந்து, வராக நதி வழியே வைகையில் சேர்கிறது. சோலைப் பக்கம் பாதரசம் போனதைக் கம்பெனியின் கணக்கே ஒப்புக்கொண்டது. எவ்வளவு என்பதில்தான் தகராறு. கோடை ஏரி மீனிலும் பாதரசம் இருப்பதை 2006இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள்.

வைகை கடலைத் தொடுவதே அபூர்வம். அதன் தண்ணீர் இராமநாதபுரம் பெரிய கண்மாயோடு முடிந்துவிடும். அதற்கு முன்பே நம் வயலிலும் வயிற்றிலும் புகுந்துவிடுகிறது. கடற்கரை மரம் மலையடிவாரத்துக்கு எப்படிக் காவல் நிற்கும்? இன்னொன்று. அதே காற்றில்லாச் சேற்றில் நுண்ணுயிர்கள் பாதரசத்தை மீதைல் பாதரசமாக மாற்றுகின்றன. அது மீனில் ஏறும். ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் வெளிப்பட்ட கொடிய நோய்க்குக் காரணம் இந்த விஷமே.

ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை பாதரசம் மிஞ்சலாம் என்ற அளவுக்கே ஆலை வளாகத்தைச் சுத்தம் செய்ய அனுமதி கிடைத்தது. இன்னும் கடுமையான அளவு வேண்டும் என்ற குரல் எடுபடவில்லை.

நாம் கோருவது இது: கும்பக்கரை வண்டலையும் வைகை அணை மீனையும் சர்க்கார் ஆண்டுதோறும் சோதித்து, முடிவைத் தமிழில் ஒவ்வொரு பஞ்சாயத்து ஆபீசிலும் ஒட்ட வேண்டும். செலவு முழுவதையும் கம்பெனியிடம் வசூலிக்க வேண்டும். மில் சங்கத் தோழர்களும் விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர்களும் அடுத்த கிராமசபைக்கே இதைத் தீர்மானமாகக் கொண்டு போகட்டும்.